விடிந்தால் விரியும் பூ

கணவன் செத்துக் கிடந்த அறையில் செடிகள் மட்டும் ஜோராக இருந்தன.

செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் மூலையில், ஜன்னலே இல்லாத சின்ன அறை அது. தட்டுத் தட்டாகப் பூசணிக் கிளைத் துண்டுகள். அத்தனையும் ஒரே கொடியில் வெட்டியவை. போன வருஷம் அந்தக் கொடி காய்த்த பூசணியைக் கிரேன் வைத்துத்தான் தூக்கினார்கள்.

"கதவுக்கு வெளியே இதென்ன சிலிண்டர்?" என்றாள் பெண் இன்ஸ்பெக்டர்.

செத்தவரின் தம்பி முந்திக்கொண்டான்.

"சோடாவுல அடைப்பாங்களே, அந்த கேஸ்தான் மேடம். கொஞ்சமா விட்டா செடி நல்லா வளரும். நிறைய விட்டா..."

"செடி அப்பவும் வளரும். மனுஷன்தான் காலி. அப்படித்தானே?"

தம்பி தலையாட்டினான்.

செத்தவரின் மனைவி சுவரோடு சுவராக நின்றாள். இன்னும் அழவில்லை.

"ராத்திரி சாப்பிட்டுட்டு வந்தவர், கொஞ்ச நேரத்துலயே செத்திருக்கார்னு டாக்டர் சொல்றார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததுன்னு நீங்களே சொல்றீங்க. வீட்ல உங்களைத் தவிர யாரு?"

"என் பொண்ணு. எட்டு வயசு. அவளை வேன் ஏத்தி அனுப்பிட்டு வந்துதான் கதவைத் திறந்தேன்."

"ராத்திரி பூரா புருஷனைக் காணோம். தேடலையா?"

"பாதி நாள் செடிங்களோடதான் தூங்குவார். அதோட... கோவமா இருந்தேன்."

"தெரியும். 'அந்தப் பூசணியையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்துங்க'ன்னு கத்தினீங்களாம். பக்கத்து வீட்டுக்காரர் வரிவரியா ஒப்பிக்கிறார்."



"கத்தினேன்தான். இன்னிக்கு பொண்ணு ஸ்கூல்ல நாடகம். மரமா நடிக்கிறா. செடி, மரம்னா அப்பா கண்டிப்பா வருவார்னு அவளே கேட்டு வாங்கின வேஷம். இவர் வர முடியாதுன்னுட்டார்."

"ஏன்?"

"காலைல பூ விரியுமாம்."

ஏட்டு இருமுவது போல் சிரிப்பை அடக்கினார்.

"நான் என் வீட்லதான் இருந்தேன் மேடம்," என்றான் தம்பி, யாரும் கேட்காமலே. "அண்ணி போன் பண்ணின பிறகுதான் கிளம்பி வந்தேன். அண்ணன் கிடந்த கோலத்தைப் பார்த்துட்டு... அங்கேயே உட்கார்ந்துட்டேன்."

"ஒரு மாசமா அண்ணன்கூட பேச்சுவார்த்தையே இல்லையே, தம்பி?" என்றாள் செத்தவரின் மனைவி.

"அது எங்க அண்ணன் தம்பி விஷயம், அண்ணி."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள்.

"கிளம்புங்கம்மா. ஸ்டேஷன்ல வெச்சுப் பேசலாம்."

"மேடம்... பொண்ணு மத்தியானம் வந்துடுவா..."

"அதான் சித்தப்பா இருக்காரே."

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மர வேஷத்தோடு வேனில் இருந்து இறங்கும் குழந்தை யார் முகத்தைப் பார்க்கும்?

கண்ணாடி வீட்டின் நடுவே நடந்தார்கள். முன்னால் ஏட்டும் இன்ஸ்பெக்டரும். பின்னால் அவள், கடைசியாகத் தம்பி. இரண்டு பக்கமும் கொடி, ஒவ்வொரு இலையும் குடை அகலம்.

சட்டென்று நின்றாள்.

கொடியின் நடுவில் ஒரு பெண் பூ. அதன் வாயைச் சுற்றி வெள்ளை நூல். இறுக்கமான முடிச்சு.

பன்னிரண்டு வருஷமாகச் சோற்றோடு சேர்த்து இந்தப் பாடத்தையும் அவள் விழுங்கியிருக்கிறாள். பெண் பூ விடிந்தால் விரியும். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவி, வேறு மகரந்தத்தோடு வண்டு நுழையாமல் நூலால் கட்டிவிட வேண்டும்.

இன்று விடிந்தபோதுதான் அது விரிந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

கட்டியது யார்? அவளையும் அவரையும் விட்டால் இது தெரிந்தவன் தம்பி ஒருவன்தான்.

சொல்லலாம். சொன்னால், 'அண்ணியே கட்டியிருப்பாங்க' என்பான். போலீஸ் நம்பும். இதுவரை அவன் சொன்ன எதைத்தான் நம்பாமல் விட்டார்கள்?

கொடி வெட்டும் கத்தரி பக்கத்து மேஜையில் கிடந்தது. எடுத்தாள். குனிந்தாள். பூவின் காம்புக்கு இரண்டு பக்கமும் கத்தரியின் வாயை வைத்தாள்.

"இந்தச் சனியனாலதானே எல்லாம்..."

"அண்ணி, வேண்டாம்!" அலறிக்கொண்டு பாய்ந்தான் தம்பி. "விடியக்காலைலதான் மகரந்தம் வெச்சேன்... இன்னும் பிடிச்சே இருக்காது!"



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

"யார் வெச்சது?"

கத்தரியைப் பிடிக்க நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான்.

"விடியக்காலைல நீங்க உங்க வீட்லதானே இருந்தீங்க?"

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணன், பூசணி வளர்க்கிற சங்கத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கிளை சும்மா குடுக்கப் போறேன்னார் மேடம். விதை போட்டா எப்படிக் காய்க்கும்னு சொல்ல முடியாது. கிளையை வெட்டி நட்டா அதே கொடி. ஊருக்கெல்லாம் அது இருந்தா அப்புறம் எங்களுக்கு என்ன பெருமை? கெஞ்சிப் பார்த்தேன். கேட்கலை. தாழ்ப்பாளைப் போட்டேன்... வெளியே இருக்கிற சிலிண்டர் குழாயைத் திறந்து விட்டேன்."

"அப்பவே ஓடியிருக்கலாமே?"

"ஓடினேன் மேடம். பாதி வழியில ஞாபகம் வந்துச்சு. காலைல பூ விரியுமே... பார்த்துக்க ஆள் இல்லையே."

ஏட்டு விலங்கை மாட்டினார்.

"இவர் உளறிடுவார்னு எப்படிம்மா தெரியும்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இதே மாதிரி ஒருத்தரோடதானே மேடம் குடும்பம் நடத்தினேன்..."

அதற்கு மேல் முடியவில்லை. காலையில் இருந்து அடைத்துக்கொண்டிருந்த அழுகை உடைந்தது. அந்தக் கிறுக்கு மனுஷன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தொட்டாள்.

"ஜீப்ல ஏறுங்க. ஸ்டேஷனுக்கு இல்ல, ஸ்கூலுக்கு. பொண்ணு பக்கத்துல நீங்க இருக்கணும்."

கதவருகே தம்பி திரும்பினான்.

"அண்ணி... வெயில் ஏறுது. அந்தப் பூவுக்கு மேல ஒரு துணியாவது..."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தரி இன்னும் கையில்தான் இருந்தது.

க்ளிக்!

பூ தரையில் விழுந்தது. தம்பியிடம் இருந்து ஒரு கேவல்.

ஏட்டு பேனாவைத் தட்டினார்.

"மேடம்... ரெட்டைக் கொலைன்னு எழுதிக்கட்டுமா?"

இன்ஸ்பெக்டர் பூவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"முதலாவது கொலை. ரெண்டாவது தற்காப்புன்னு எழுதுங்க!"