பட்டாளம் ஸ்வாமி ஆலுவா போன மத்தியானம்

"அப்பாவோட வருஷாப்திகம் நேத்திக்கே ஆச்சு. இனிமே எனக்கு இங்க என்ன ஜோலி?" என்று வெங்கிட்டு பெட்டியை மூடினான்.

நீலாம்பாளுக்கு விடிந்ததிலிருந்து எதிலும் கை நிலைக்கவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வாசலுக்குப் போனது எதற்கென்று மறந்து திரும்பினாள். இன்று காலை மட்டாஞ்சேரிச் சமூக மடத்தில் அவள் கணவர் சுபேதார் கல்யாணராமனின் படத்தைத் திறக்கிறார்கள். மாலை போட வேண்டிய பிள்ளை ஆலுவா பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறான்.

"ஊர்க்காரா எல்லாரும் வராடா. அப்பா வைத்தியம் பார்த்த கமலாக்ஷி இருட்டோட எழுந்து மாலை கட்டிண்டிருக்கா."

"அவளே போடட்டும். அவாளுக்கெல்லாம்தானே அவர் அப்பா."

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் கல்யாணராமன். எழுபத்தொன்று யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் ஓய்வு அவருக்குப் பழகவில்லை. சந்தில் யாருக்கு ஜுரமென்றாலும் 'பட்டாளம் ஸ்வாமி'யைத்தான் கூப்பிட்டார்கள். காலரா பரவிய வருஷத்தில் வெங்கிட்டுவின் கல்யாணம். கும்பகோணத்திலிருந்து புதுப்பெண்ணோடு வந்து இறங்கினால், அவர்களுக்கென்று வெள்ளையடித்த முன்னறையில் நோயாளிகள் பாயில் கிடந்தார்கள். வந்த காலோடு வெங்கிட்டு ஸ்வர்ணலதாவை அழைத்துக்கொண்டு ஆலுவாவுக்குக் குடிபோனான். அப்புறம் அப்பாவோடு பேச்சில்லை.

அந்த அறையைப் பிள்ளைக்காக நீலாம்பாள்தான் கணவரிடம் மன்றாடி வாங்கியிருந்தாள். அன்று கோபத்தை விழுங்கிவிட்டு, பாயில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள். அந்தக் கோபம் எங்கே போயிற்று? பிள்ளை அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டானோ என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும்.

"போன மனுஷர்மேல என்னடா வீம்பு?"

"வீம்பு எனக்கில்லைம்மா. அவர்தான் என்னை வெறுத்துட்டுப் போனார்."

"யார் சொன்னா?"

வெங்கிட்டு மனைவியைப் பார்த்தான். ஸ்வர்ணலதா புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"போன வருஷம் ஒரு மத்தியானம் அப்பா ஆலுவாக்கு வந்தாராம்மா. நாங்க ரெண்டு பேரும் வெளியில போயிருந்தோம். அடுத்தாத்து ராமபத்ரன் சேட்டன்தான் பார்த்துப் பேசினாராம். வெறுத்து வந்து, வெறுத்துப் போயிட்டார்னு சொன்னார்."

"அவன் மலையாளத்துல சொன்னதை அப்படியே சொல்லு."

அவள் தடுமாறினாள். "ஸ்வாமி... வெறுதே வந்நதா. வெறுதே வந்நு, போயி."

பெட்டிமேல் இருந்த வெங்கிட்டுவின் கை நின்றது. இந்த மண்ணில் பிறந்தவனுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

"வெறுதேன்னா சும்மாடி, பொண்ணே," என்றாள் நீலாம்பாள். "ஒரு காரியமும் இல்லாம, பார்க்கணும்னு தோணி வந்திருக்கார். அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட சொன்னார், ஆத்துக் கதவு பூட்டிக் கிடந்தது, ஞாயத்துக்கிழமை நீயும் வா, ரெண்டு பேருமா போலாம்னு. வியாழக்கிழமையே மூச்சு நின்னுடுத்து."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"காரியத்துக்கு வந்தவன் என் முகத்தைப் பார்த்தியா?"

வெங்கிட்டு மெல்லத் திரும்பினான். "திரும்ப ஒரு தரம் கேட்கத் தோணலையா நோக்கு?" என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். கத்தியிருந்தால் நீலாம்பாள் பயந்திருக்க மாட்டாள். முன்னறை வாசலில் நின்று அப்பாவைக் கேட்ட அன்றும் இதே குரல்தான்.

"எனக்கு இந்தப் பாஷை இப்பவும் பாதிதான் புரியறதும்மா," என்று ஸ்வர்ணலதா விம்மினாள். "நான் பாவி."

அவளை அறைய வேண்டும் என்றுதான் நீலாம்பாளுக்குக் கை எழுந்தது. எழுந்த கை அவள் தோளில் விழுந்து, இழுத்து அணைத்துக்கொண்டது.

"அவ காதுல தப்பா விழுந்தது, வெங்கிட்டு. அதை நம்பணும்னு நோக்குத்தானே தோணித்து? ஒரு நடை வந்து அவரைக் கேட்டியா? அப்பாவோட பேசாம இருந்தது போறும். இவளோட ஆரம்பிக்காதே."

அவன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது.

வாசலில் கமலாக்ஷி கூப்பிட்டாள். "அம்மாளே, எல்லாரும் வந்நு."

சந்தில் நடக்கும்போது நீலாம்பாள் கேட்டாள். "அந்த ஞாயத்துக்கிழமை நாங்க வந்திருந்தா, கதவைத் திறந்திருப்பியாடா?"

"திறந்திருப்பேன்மா."

அது நிஜமா என்று அவள் தோண்டவில்லை. மருமகளை இந்தப் பக்கமும் பிள்ளையை அந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டு மடத்துப் படியேறினாள்.