ஒன்பது நாற்பது

சத்தம் ஓடும் என்று நினைத்த இடத்தில் நின்றது. நிற்கும் என்று நினைத்த இடத்தில் ஓடியது. டிக். டிக்டிக். டிக்.

ஜன்னல் இல்லாத அந்த அரையிருட்டு அறையில், ஏசியின் முனகலுக்கும் ஸ்பிரிட் வாசனைக்கும் நடுவே, பதினெட்டு வருடமாக ஊராரின் இதயத் துடிப்பைப் படித்துவரும் டெக்னீஷியன் அவள். ஒருநாள் முழுக்க மார்பில் ஒட்டியிருந்து துடிப்பைப் பதிவுசெய்த கருவியைச் சற்றுமுன்தான் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தானேம்மா இருக்கேன்?”

டாக்டர் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லக் கூடாதுதான். வாய் சும்மா இருக்காது.

“இது வெளியில தெரியாதுங்க. இதயத்தோட மேலறை ஒழுங்கா துடிக்காம நடுங்கும். ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். பயப்படாதீங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை இருக்கு.”

வெளுத்த முகத்தோடு அவர் வெளியே போய் உட்கார்ந்தார். அவளுக்குப் பாவமாக இருந்தது.

திரையில் டிக்டிக்கென்று ஓடிய பதிவை மேற்கொண்டு ஓட்டினாள். பத்து மணிக்குப் பிறகு கோடு சீராகப் போனது. நடந்தபோதும் தூங்கியபோதும் ஒரு பிசிறு இல்லை. நடுக்கம் முழுவதும் நேற்றுக் காலை ஒன்பது நாற்பதிலிருந்து ஒன்பது ஐம்பத்தைந்துவரை.

அவர் வந்ததே பத்து மணிக்கு.

யாருக்கும் மாட்டுவதற்கு முன், கருவியைத் தன் மார்பில் ஒட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். கோடு ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பாள். எப்படி ஓடுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு அழித்துவிடுவாள். நேற்று மறந்துவிட்டாள்.

இரண்டு மாதமாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று விட்டுவிட்டாள். இப்போது மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கடியில் அதே தாளம். டாக்டர் அறை பக்கத்தில்தான். மாத்திரை இருக்கிறது. அவளே சொன்னாளே.

எழுந்தாள்.

பேனா நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

வலது கை. மேஜைமேல் யாரோ மறந்துவைத்த பொருள்போலக் கிடந்தது.

கூப்பிட்டாள். சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏன்க்கா, அந்த மனுஷனைக் கலங்கடிச்சிட்டு, இங்க இருட்டுல ஒரு பக்கமா வாயைக் கோணிச் சிரிச்சுக்கிட்டிருக்கீங்களா?”

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நர்ஸின் குரல் கேட்டது: “அக்கா சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்களுக்கு ஒண்ணுமிருக்காதுங்க.”

டிக்டிக். டிக்.