வகிட்டில் ஒரு கறுப்பு முடி

தலை சீவ உட்கார்ந்த மகேஸ்வரிக்கு வகிட்டோரம் ஒரு கறுப்பு முடி தட்டுப்பட்டது. ஒரு நரைமுடியைக் கண்டு ஊரைக் கூட்டுகிற பொம்பளைகள் நாகல் நகரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். இவள் தலையோ வெளுத்துப் பஞ்சாகிப் பல வருசம் ஆயிற்று. அந்தப் பஞ்சுக்குள்ளே விரல்கடை நீளத்துக்கு ஒற்றை முடி, எண்ணெய் தடவின மாதிரி கன்னங்கரேலென்று நின்றது. சாயம் பூசுகிற ஆளில்லை அவள். பிடுங்கினாள், சுரீரென்று வலித்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வேரோடு வந்திருந்தது, அவளுடைய முடிதான்.

அவளுக்கு வயசு நாற்பத்தொன்று. அறுபது என்று சொன்னால் எவரும் மறுக்கமாட்டார்கள். கன்னம் ஒட்டி, கடைவாய்ப் பல் போய், மாடிப்படி ஏறினால் முழங்கால் நெறுநெறுக்கும். அதே வீட்டில் அவள் புருசன் தண்டாயுதபாணி இருந்தார். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிவருகிற வேன் ஓட்டுகிறவர். அவருக்கு நாற்பத்தாறு. இருபத்தைந்துக்கு மேல் யாரும் மதிக்கமாட்டார்கள். நெற்றியில் கோடு கிடையாது, கழுத்தில் சுருக்கம் கிடையாது, மீசை நேற்றுத்தான் கறுத்த மாதிரி இருக்கும். "தண்டம், அப்படி என்னத்தப்பா திங்கிற நீ?" என்று பூ மார்க்கெட்டில் கேட்பார்களாம். அவர் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வருவார். என்னத்தைத் தின்கிறார் என்று மகேஸ்வரிக்குத் தெரியும். அவளைத்தான் தின்கிறார்.

தொண்ணூற்றுநாலில் வேன் புளியமரத்தில் மோதி அவரை அள்ளிக்கொண்டு வந்துபோட்டார்கள். பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்து, இந்த ஊரில் பெண்டாட்டி என்று ஒருத்தி எதைச் சொல்லி அழுவாளோ அதைச் சொல்லித்தான் அழுதாள். "ஆத்தா மாரியம்மா, எம் ஆயுசுல எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்க. எம் புருசனுக்குக் குடுத்துரு." ஊரில் இப்படி வேண்டிக்கொள்ளாத பொம்பளை யார்? அத்தனை பேருக்கும் காது கொடுக்காத ஆத்தா இவள் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். அவர் எழுந்து நடந்த மாசமே இவளுக்கு நரை தட்டியது. அப்புறம் அது நிற்கவேயில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் வந்தது. ரெண்டாயிரத்து நாலு ஆவணியில் நத்தத்தில் ஒரு கல்யாணம். சந்தனம் நீட்டின பெண் மகேஸ்வரியைப் பார்த்துவிட்டு அவரிடம், "உங்க அம்மாவா?" என்று கேட்டாள். அவர் கூசாமல், "ஆமா" என்றார். சொல்லிவிட்டுச் சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்டார். கூட நின்ற மகள் சௌந்தர்யாவின் முகம் சுண்டிப்போனது. பதினேழு வயசு அவளுக்கு. வேடசந்தூர்ப் பக்கம் நூல்மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள், லீவில் வந்திருந்தாள். அப்பனைப் பார்த்த பார்வையில் அவரை எரித்திருப்பாள்.

அன்று சாயங்காலமே மகளை இழுத்துக்கொண்டு மகேஸ்வரி கோயிலுக்குப் போனாள். சன்னதியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். "ஏன்டி ஆத்தா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நான் குடுத்ததைத் திருப்பிக் குடுடி. இந்தப் பய கிட்ட இருந்து பிடுங்கிக் குடு." பூசாரி வாயைப் பிளந்து பார்த்தார். பக்கத்தில் சௌந்தர்யா கண்ணை இறுக மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்னடி வேண்டின என்று மகேஸ்வரி கேட்கவில்லை. அவளுக்கு அவள் ஆத்திரம் பெரிசாக இருந்தது.

இப்போது கையில் கறுப்பு முடி. ஆத்தா கேட்டுவிட்டாள்!

மத்தியானம் சவாரி முடிந்து வந்து தூங்குகிற புருசன் பக்கத்தில் போய் மண்டிபோட்டாள். அவர்மேல் எப்போதும் போல மல்லிகை வாடை, காலையில் கமகமத்து வெயிலேற ஏறக் குமட்டுகிற வாடை. தலையை மெல்ல விலக்கி வேர்வேராகத் தேடினாள். ஒரு நரை, ஒரே ஒரு நரை கிடைத்தால் போதும், தெருவுக்கே சர்க்கரை கொடுத்திருப்பாள். கிடைக்கவில்லை. கண்ணோரத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. கழுவின கத்திரிக்காய் மாதிரி மினுமினுவென்று கிடந்தது அந்த முகம். இருக்கட்டும், மெதுவாக வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவளுக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் முன்தலை முழுக்கக் கறுத்தது. புறங்கையில் புடைத்திருந்த நரம்பு உள்ளே போய்விட்டது. முழங்கால் நெறுநெறுப்பு நின்றுபோய், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். கீழ்வீட்டு செபாஸ்தியம்மாள், "ஏத்தா மகேசு, என்ன சோப்பு போடுற? எனக்கும் சொல்லேன்" என்று கன்னத்தைக் கிள்ளினாள். சிரிப்பு வந்தது. எத்தனை வருசம் ஆயிற்று சிரித்து! பழைய ரவிக்கைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், நாப்தலீன் நெடியோடு போட்டுக்கொண்டாள். பொருந்தியது.

ஒரு நாள் சோறு மெல்லும்போது கடைவாயில் நறுக்கென்று குத்தியது. நாக்கால் துழாவினாள். என்றைக்கோ விழுந்த பல்லின் இடத்தில், ஈறுக்குள்ளிருந்து கூராக ஒன்று எட்டிப்பார்த்தது. சோற்றைத் துப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். முடி கறுக்கலாம், தோல் மினுக்கலாம். பல் எப்படி முளைக்கும்? அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குப் பயம் தட்டியது. கட்டிலில் கிடந்த புருசனை மறுபடி பார்த்தாள். ஒரு மயிர் நரைக்கவில்லை.

அவரிடமிருந்து எடுக்கவில்லை என்றால் ஆத்தா எங்கேயிருந்து எடுத்துக் கொடுக்கிறாள்?

அந்த வாரமே செபாஸ்தியம்மாள் வீட்டு போனுக்கு சௌந்தர்யா பேசினாள். மகளுக்குக் கொஞ்ச நாளாகவே இருமல், களைப்பு, கை நடுக்கம். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று மகேஸ்வரி மில்லைத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குரலே மாறியிருந்தது. கரகரத்து, காற்று ஒழுகுகிற மாதிரி.

"அம்மா, நல்லாருக்கியாம்மா?"

"நாசமாப் போற மில்லு! ஒங் குரலு ஏன்டி இப்படி இருக்கு?"

"அத விடும்மா. ஒனக்கு முடி கறுத்துருச்சா?"

மகேஸ்வரி முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள்.

"பல்லு? பல்லு மொளைச்சிருச்சாம்மா?"

பல்லைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. செபாஸ்தியம்மாளிடம் கூட வாயைத் திறந்து காட்டவில்லை. மறுமுனையில் ஒரு சிரிப்பு, பல்லில்லாத வாய்ச் சிரிப்பு. "நாளைக்கு வாரேம்மா. வேலைக்கு வேண்டாம்னு அனுப்பிட்டாக." லைன் போய்விட்டது.

மறுநாள் பகலெல்லாம் கோயிலிலேயே கிடந்தாள். நெற்றியைத் தரையில் இடித்துக்கொண்டு கத்தினாள். "எனக்கு வேண்டாம்டி. எடுத்துக்க. பிள்ளைக்கே திருப்பிக் குடு. யாருக்கு யாரு குடுக்கிறது? ஒனக்கு அறிவில்லையா?" கற்பூரம் அணைந்தது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. பல் இன்னும் வளர்ந்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டு போனது. தெருவில் ரேடியோச் சத்தமெல்லாம் ஒரே அடியாக நின்றது. சிம்னியை ஏற்றி வைத்துவிட்டு மகேஸ்வரி வாசற்படியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். உள்ளே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மல்லிகை அழுகின வாடை அறையை அடைத்தது. தூரத்தில் மில் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழே கேட் கிரீச்சிட்டது.

செபாஸ்தியம்மாள் குரல் கேட்டது. "மகேசு! ஒங்க அம்மா வந்துருக்காக பாரு!"

மகேஸ்வரியின் அம்மா செத்துப் பல வருசம் ஆகிறது.

படியில் கால் சத்தம். ஒரு கால் வைக்கும். இன்னொரு காலை இழுக்கும். நிற்கும். மூச்சு இரைக்கும். கைப்பிடிச் சுவரில் நகம் உரசும். இருமல். மறுபடி ஒரு கால். முழங்கால் நெறுநெறுக்கிற சத்தம். அந்தச் சத்தம் மகேஸ்வரிக்குத் தெரியும். அவளுடைய முழங்கால் சத்தம் அது.

எழுந்து ஓடவேண்டும். ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கவேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே வாசற்படியை வெறித்தாள்.

வாசலில் வந்து நின்றது. சௌந்தர்யாவின் பச்சைச் சுடிதார். கழுத்தில் மில் அட்டை, அதில் சௌந்தர்யாவின் படம். அட்டைக்கு மேலே ஒரு கிழவி.

"அம்மா" என்றாள் கிழவி.

"பாவி மகளே!" மகேஸ்வரியின் தொண்டை கிழிந்தது. "என்னடி வேண்டின? என்ன வேண்டித் தொலைச்ச?"

"நீ அப்பாவுக்கு வேண்டினதுதாம்மா. ஒனக்கு வேண்டினேன்."

"திருப்பிக் கேளுடி! இப்பவே கேளு!"

"மாட்டேன்." அந்தப் பிடிவாதம் மட்டும் பதினேழு வயசுக்குரியதாக இருந்தது. நடுங்குகிற கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தடவினாள். மொழுமொழுவென்றிருந்த கன்னத்தில் அந்த உள்ளங்கை சருகாக உரசியது. "இனிமே ஒன்னைய எவளும் அப்பாவுக்கு அம்மான்னு சொல்லமாட்டா."

சத்தத்தில் அவர் விழித்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து, தலையைக் கோதிக்கொண்டு, மினுமினுக்கிற முகத்தோடு வாசலைப் பார்த்தார்.

"யாருடி அந்தக் கெழவி?"

மகேஸ்வரி மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கனமே இல்லை. வாய்க்குள் ரெண்டு விரலை விட்டு அந்தப் புதுப்பல்லைப் பிடித்தாள். ஆட்டினாள். திருகினாள். ரத்தம் வழிந்தது. பல் அசையவில்லை. கல் மாதிரி நின்றது.

மடியில் கிடந்தவள் லேசாக இருமினாள். என்னவோ சூடாக மகேஸ்வரியின் உள்ளங்கையில் விழுந்தது. சிம்னி வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளையாய், சின்னதாய், வேரோடு ஒரு பல்.

அதே நொடியில் அவளுடைய ஈறு இன்னொரு இடத்தில் கிழிந்தது.

சௌந்தர்யா அண்ணாந்து, கண்ணைச் சுருக்கி, அம்மாவின் வாயையே ஆசையோடு பார்த்தாள்.

"இன்னொண்ணும் வந்துருச்சாம்மா?"