வேலிக்கு வெளியே நின்ற கெலாடி

காலையில்தான் எல்ஸி ஒவ்வொரு இலையாகத் துடைத்திருந்தாள். மத்தியானம் வந்து பார்த்தால், கெலாடிச் செடியின் இலைகளுக்கு அடியில் மறுபடியும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது.

மலாயாவில், சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதிய அவள் புருஷன் ஆம்புரோஸ், பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்து வீட்டுக்குள் சட்டியில் வைத்த செடி அது. சேம்பு போன்ற இலை, நடுவில் சிவப்பு. தூசியோடுகூடச் சண்டைக்குப் போகிறவள் பூச்சியைச் சும்மா விடுவாளா? சவுக்காரத் தண்ணீர் அடித்தாள். புகையிலையை ஊறவைத்துத் தெளித்தாள். அடுப்புச் சாம்பலைத் தூவினாள். எல்லாம் செத்து உதிரும். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே அளவுக்கு இருக்கும்.

எறும்புகள்தான் அவளை அதிகம் உறுத்தின. பூச்சி பிடித்த செடிக்கு எறும்பு வருவது புதிதில்லை. ஆனால் இவை செடிக்கு வரவில்லை. சட்டி மண்ணுக்குள்ளிருந்து புறப்பட்டு, சுவரோரமாக ஊர்ந்து, பிள்ளை தூங்கும் தூளியில் ஏறின. மண்ணெண்ணெய்த் துணியால் கயிற்றைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். கழுத்து மடிப்பில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. பவுடர் என்று நினைத்துக்கொண்டாள். அன்று அவள் பவுடர் போடவில்லை.

பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளம். பாலங்கள் தண்ணீருக்குள் கிடக்க, ஈப்போவிலிருந்து சாமியார் எப்படி வருவார்? ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்குக் கல்லறைக்குள் இடமில்லை, மோட்சத்திலும் இடமில்லை என்று கேட்டே வளர்ந்தவள் எல்ஸி. பிள்ளை தும்மினாலும் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

சாப்பிட வந்த ஆம்புரோஸிடம் கேட்டாள். "இந்தச் செடி எங்க கிடைச்சுச்சுங்க?"

"கல்லறை வேலிக்கு வெளியில நின்னுச்சு. அழகா இருக்கேன்னு மண்ணோட தோண்டிட்டு வந்தேன்."

"வேலிக்கு வெளியிலயா? அங்கதானே ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைங்கள..."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "மண்ணு எங்க இருந்தாலும் மண்ணுதான்லா. ஸ்டோருக்குள்ள தண்ணி ஏறுது. போயிட்டு வந்து தூக்கிப் போட்டுடுறேன்."

அவன் போன பிறகு மழை வலுத்தது. தகரக் கூரையின் இரைச்சலில், புகைபோட்ட ரப்பரின் வாடையோடு புளித்த பால் வாடையும் வீட்டுக்குள் சுற்றியது. எல்ஸி சட்டியைப் பின்வாசல்வரை இழுத்தாள். நிலைப்படியைத் தாண்டித் தூக்க அவளால் முடியவில்லை, வெளியே மேல்படிவரை வெள்ளம். மூச்சு வாங்கக் குனிந்தபோது மண்ணுக்குள் சத்தம் கேட்டது. பிள்ளை காம்பைச் சப்புகிற சத்தம்.

உள்ளே ஓடினாள். தூளியில் பிள்ளை அனலாகக் கொதித்தது. மார்பைக் கொடுத்தாள், பிடிக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கெல்லாம் வெள்ளை.

இனிச் சாமியாருக்குக் காத்திருக்க முடியாது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். செம்பை எடுத்தாள். ஞானஸ்நானத் தண்ணீர் கால்படுகிற இடத்தில் விழக்கூடாது, செடி வேரில்தான் விழவேண்டும். அவள் அம்மா வீட்டில் அப்படித்தான். முற்றமெல்லாம் வெள்ளம். வீட்டுக்குள் இருந்த மண் அந்தச் சட்டியில் மட்டும்தான்.

யோசிக்கவில்லை. பிள்ளையோடு பின்வாசலுக்கு வந்து, அதன் தலையைச் சட்டிக்கு நேராகச் சாய்த்தாள்.

"லூயிஸ், பிதாவுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் செய்கிறேன்."

தண்ணீர் உச்சந்தலையில் வழிந்து மண்ணில் விழுந்தது. மண் உறிஞ்சிக் குடித்தது. இலைகளில் இருந்த பூச்சி அத்தனையும் ஒரேயடியாக உதிர்ந்தது.

பிள்ளை வீரிட்டு அழுதது.

"மாதாவே!" எல்ஸிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. நெற்றியில் முத்தமிட்டாள். நெற்றி ஜில்லென்றிருந்தது.

கையிலிருந்த பிள்ளையின் வாய் மூடியிருந்தது.

அழுகை நிற்கவில்லை. கீழேயிருந்து வந்தது. சட்டிக்குள்ளிருந்து. பசித்த அழுகை. லூயிஸின் இமைகளில் மெல்ல மெல்ல வெள்ளை படர்ந்தது. மூக்கிலும். உதட்டிலும்.

மண் விரிந்தது.

அந்த அழுகைக்கு எல்ஸியின் இரண்டு மார்பிலும் பால் சுரந்து, ரவிக்கையை நனைத்து, சட்டிக்குள் சொட்டியது.