கொடி இல்லாத வீடு

கட்டிலுக்கு அடியில் அந்த உடல் குப்புறக் கிடந்தது.

அசைவே இல்லை!

பிறகு... தும்மியது.

"அண்ணே! மூச்சு காட்டாம கிடன்னு சொன்னேன்ல?" சீறினாள் சோய்லா.

"ஒரே தூசி! நீ பெருக்கவே மாட்டியா?"

"நாட்டையே துடைச்சு எடுத்தவன்தானே நீ! இதையும் துடை!"

எலெவ்தேரியோ வில்காபோமாவுக்கு ரோஷம் வந்தது. நண்பகல்வரை பெரு நாட்டின் ஜனாதிபதி அவர். புதியவர் பதவியேற்கும் விழாவுக்குப் போகாமல், அங்கே கழற்றிக் கொடுக்க வேண்டிய ஜனாதிபதிப் பட்டையைக் கோட்டுக்குள் மார்பின் குறுக்கே மாட்டியபடி தங்கை வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றவர்!

ஆறே இல்லாத ஊரில் பாலம் கட்டிய வழக்கு. பதவியில் இருந்தவரை யாரும் தொட முடியவில்லை. இருட்டியதும் மச்சானின் மீன் லாரி வரும். எல்லை தாண்டினால் பிழைத்தார். இல்லையென்றால் சிறை!

போன் அலறியது. வக்கீல்.

"சார், வாரண்ட் வந்தாச்சு! லிமா முழுக்கத் தேடுறாங்க!"

"பட்டையை நான் இன்னும் யார்கிட்டயும் கொடுக்கலையே! அப்ப நான்தானே ஜனாதிபதி?"

"என் கறுப்புக் கோட்டை ஒருத்தன் திருடிட்டுப் போனா, அவன் வக்கீலாயிடுவானா சார்?"

டொக்! டொக்!

சோய்லா ஜன்னல் வழியே பார்த்தாள்.

"நகராட்சி இன்ஸ்பெக்டர்!"

"அம்மா! இன்னிக்கு சுதந்திர தினம். தெருவுல எல்லா வீட்லயும் கொடி பறக்குது, உங்க வீட்ல காணோமே! கதவைத் திறங்க, அபராதம் எழுதணும்!"

"எந்தக் கட்டையில போறவன் இந்தச் சட்டத்தைப் போட்டான்?" என்று பல்லைக் கடித்தாள் சோய்லா.

"நான்தான்..." கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மேயரா இருந்தப்ப. கைத்தட்டலுக்கு ஆசைப்பட்டு..."

"நாசமாப் போச்சு! வீட்ல இருந்த கொடி கரித்துணியாகி ஒரு வருஷமாச்சு!"

அவர் நெஞ்சைத் தடவினார். கோட்டுக்குள் பட்டை. சிவப்பு... வெள்ளை... சிவப்பு! தேசியக் கொடியின் அதே நிறங்கள்!

"பாத்தியா என் மூளையை!"

பட்டையைக் கழற்றியபோது அழுகையே வந்துவிட்டது மனிதருக்கு. சோய்லா அதைப் பிடுங்கி ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

வெளியே காலடிகள் நகர்ந்தன.

நின்றன.

திரும்பி வந்தன! இந்தமுறை பூட்ஸ் சத்தமும் சேர்ந்து!

கதவு இடிபட்டுத் திறந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"அதான் கொடி பறக்குதே! இன்னும் என்ன?" என்றாள் சோய்லா.

"பறக்குதும்மா. ஆனா அதுல தங்க ஜரிகையில அரசுச் சின்னம் இருக்கே! வீட்டுக் கொடியில சின்னம் கூடாது. அரசாங்கம் இருக்கிற இடத்துலதான் அது பறக்கலாம்." அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க அரசாங்கம் எங்கேம்மா இருக்கு?"

சோய்லா அவசரமாகக் கட்டில் விரிப்பைக் கீழே இழுத்துவிட்டாள்.

கட்டில் தும்மியது!

முன்னாள் ஜனாதிபதி ஊர்ந்து வெளியே வந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே விலங்குக்குக் கையை நீட்டினார்.

"அஞ்சு வருஷமா ஜனங்க 'அரசாங்கம் எங்கே, எங்கே'ன்னு கத்தினாங்க. அப்பல்லாம் எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை சார்!"