நோன்புப் பகலில் மெல்லும் சத்தம்

நோன்பு மாதம். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு ஊரே வாடிக் கிடக்கிற நேரத்தில் யாரோ எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். பாயில் கிடந்த ஆதம்பாவாவுக்கு நன்றாகவே கேட்டது. அடுப்பு மூட்டாத வீடு, ஆற்றுக் காற்றோடு வரும் சேற்று வாடை, வெயிலில் ஓடுகள் முறுகும் ஓசை, இத்தனைக்கும் நடுவே அவசரமே இல்லாமல், கறுக், கறுக்.

அது என்னவென்று அவனுக்கா தெரியாது! தங்கை சபூராவுக்குச் சீதன வீடு கட்டியபோது, கூரை வளை மரங்களை ஒரு மாரி முழுக்க ஆற்றில் ஊறப்போடச் சொன்னார் தச்சு வேலை பார்த்த அசனார் ஓடாவியார். மரத்துக்குள் மா இருக்கிறதாம்; வண்டுப் புழுவின் குடலில் ஊறும் நீர் அந்த மாவைச் சீனியாக்கிவிடுமாம்; காட்டு இலாகாக் கந்தோர் துரையே சொன்னாராம். ஆற்றில் ஊறி மா கரைந்துபோன மரத்தைப் புழு தீண்டாது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். இவன் மாரி முடியும் முன்பே மரத்தைக் கரையேற்றிவிட்டு, ஊறிவிட்டது என்று வாய் கூசாமல் பொய் சொன்னான்.

போன வெள்ளிக்கிழமை சபூரா வீட்டு நடு வளையிலிருந்து தூள் கொட்டுவதைக் கண்டான். அந்த வளையில்தான் அவளுடைய பிள்ளை உறங்கும் ஏணை தொங்குகிறது. சொன்னால் மச்சான் கோபித்துக்கொண்டு போய்விடுவாரே என்று பேசாமல் திரும்பி வந்தான். பாவி. அன்றிலிருந்து ஒரு கண் உறக்கமில்லை.

எழுந்து கதவில் காது வைத்தான். இல்லை. பெட்டகத்தில் வைத்தான். இல்லை. ஆனால் சத்தம் அவன் கூடவே வந்தது. பல்லை இறுகக் கடித்தான். நின்றது. விட்டான். கறுக்.

விடியுமுன் சஹர் உண்டது முதல் தண்ணீர் படாத வாய் இனித்தது.

சபூரா வீட்டுக்கு ஓடினான். அவள் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேலே வளை முனகியது. சபூரா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன காக்கா, நோம்பு பிடிக்கல்லியா? வாயெல்லாம் மா."

பிள்ளையைத் தூக்கு என்று சொல்ல வாய் திறந்தான். குரல் வரவில்லை. தூள் வந்தது. வெள்ளையாக. இனிப்பாக. நெஞ்சில் கொட்டி, காலடியில் குவிந்தது. தூள் நிற்கவில்லை. கால் அசையவில்லை.

சபூரா அவன் வாயையே பார்த்தாள். அவள் கை மட்டும் ஏணையை ஆட்டிக்கொண்டே இருந்தது. மேலே, வளை நடுவில் மெல்லத் தொய்ந்தது.