கழற்றச் சொன்ன குரல்

கதவை அவள் முழுதும் சாத்துமுன்னரே குரல் தொடங்கிவிட்டது.

"வந்துட்டியா? சுவரப் பாத்து நில்லு. கையத் துடை."

பெரியக்கா இவ்வாறு அவசரப்படுபவர் அல்லர். நோயாளர் கூடத்திற்கும் வெளி நடைக்கும் இடைப்பட்ட அச்சிற்றறையில் எவரும் காப்புடையைத் தனியே களைதல் ஆகாது என்பது மருத்துவமனையின் விதி. களைத்த கை முறை தவறும். ஆகவே கண்ணாடிக்கு அப்பால், தூய பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் ஒவ்வொரு படியாகச் சொல்ல, உள்ளே நிற்பவர் அதன்படியே செய்வார். அவளுக்குச் சொல்பவர் எப்போதும் தலைமைச் செவிலியான பெரியக்காதான். ஒலிபெருக்கியின் வழியே வருவதால் அவர் குரலில் எப்போதும் ஒரு கரகரப்பு இருக்கும்.

இன்று அது இல்லை.

இளம் செவிலியான அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. எதையும் பொருட்படுத்தும் வலிமை அவளிடம் எஞ்சியிருக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்று கண்களை மூடிக்கொண்டாள். தனக்குத் தொற்று இல்லை என்று காலையில் முடிவு வந்திருந்தது. இத்தனை நாள் தனித்துத் தங்கிய விடுதியறையை விட்டு இன்று வீட்டுக்குப் போகலாம். இன்னும் பால்குடி மறவாத மகளை அள்ளி எடுக்கலாம். இவ்வொரு வாயிலைப் பிழையின்றிக் கடந்தால் போதும்.

"கையுறை. வெளிப்பக்கம் தொடாம உரி."

"எத்தனை தடவைக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்."

"இப்ப தூக்கத்துலதானே நிக்கிறே."

அவள் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். அதனுள் பகல் முழுதும் தேங்கிய தன் மூச்சின் புளிப்பும், ரப்பரின் வாடையும், மருந்துநீரின் எரிப்பும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. முதுகுக்குப் பின்னே, சாத்திய கதவையும் ஊடுருவி, இயந்திரங்கள் படுக்கைதோறும் மூச்சை உந்தி உந்தி மீட்கும் ஓசை, கரையறியாத கடலொன்றின் அலைபோல ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டிருந்தது. உடலிற் சிலநாள் தங்கிச் செல்லும் விருந்தென்று மூச்சைப் பாடினர் பழையோர். இங்கோ, புறப்பட்ட விருந்தைக் கைப்பிடித்து இழுத்து நிறுத்துவதே இவள் தொழில்.

"மேலங்கி."

முடிச்சவிழ்த்து, உட்புறம் வெளியாகச் சுருட்டிப் போட்டாள்.

"குட்டி என்ன பண்றா?"

"என் முகமே மறந்திருக்கும்க்கா. போன்ல கூப்பிட்டா அவங்கப்பா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறா."

"இன்னிக்குப் பாத்துருவோம்."

பெரியக்கா அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"மாஸ்க்கக் கழட்டு."

கைகள் கழற்றின. மனம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. முகக்கவசம் கடைசி, அதுவும் வெளியே போய், கதவைச் சாத்திய பிறகு. இத்தனை காலம் பெரியக்கா வாய் தவறியும் மாற்றிச் சொன்னதில்லை.

வெறும் முகத்தில் காற்று பட்டது. ஈரமான, வெதுவெதுப்பான காற்று. நெடுநாள் படுத்துக் கிடந்தவரின் தலையணை வாடை.

கண் விழித்தாள். திரும்பினாள்.

கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி காலி. ஒலிபெருக்கியின் விளக்கு எரியவில்லை.

நடையின் கோடியில் ஒரு கதவு திறந்தது. பெரியக்கா மூச்சிரைக்க ஓடிவந்து விசையை அழுத்தினார். விளக்கு எரிந்தது. கரகரப்பு.

"லிஃப்ட் பாதியில நின்னுபோச்சும்மா, அதான்... மாஸ்க் எங்கடி? யாரு கழட்டச் சொன்னது?"

"நீங்கதானேக்கா."

பெரியக்காவின் பார்வை அவள் முகத்தை விட்டு நகர்ந்து, தோளைக் கடந்து, சற்று மேலே ஏறி நின்றது. பார்வையை எடுக்காமலே அவர் கை கதவைத் தடவியது. தாழ்ப்பாளைக் கண்டது. இழுத்துப் போட்டது.

"அக்கா. கதவத் திறங்க. பாப்பா காத்திட்டிருப்பா."

"திரும்பாதேம்மா."

அவள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். அவள் மூச்சுப் பட்டு அதில் ஒரு மங்கல் படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

அதற்கருகே, அதைவிட ஒரு சாண் உயரத்தில், இன்னொன்று.

அவள் மூச்சை அடக்கினாள். அவளுடையது சுருங்கிச் சுருங்கி மறைந்தது.

மற்றது படர்ந்துகொண்டே இருந்தது.